இரண்டு மில்லிமீட்டர்

பசை இறுக நாற்பது நிமிடம் என்று டப்பாவின் மேல் போட்டிருந்தது. போட்டவன் ஏதோ குளுகுளு அறைக்குள் உட்கார்ந்து போட்டிருப்பான். கணபதி வட்டாரத்தில், கிழக்கு பார்த்த பட்டறைக்குள், ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு ரெசினையும் ஹார்ட்னரையும் கலக்கிப் பார்த்தவனாக இருக்க முடியாது. அதனால் துளசிமணி தன் கணக்கில் முப்பதுதான் வைத்துக்கொண்டாள், பதினொன்றேகால் வரைக்கும். அதற்குள் ஐந்து பட்டைகளுக்கும் பசை தடவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வளைந்த அச்சுக்கட்டையின் மேல் கிடத்தி, நடுவில் ஒரு கிளாம்பு, பக்கத்துக்கு ஒன்பது கிளாம்பு என்று முடுக்கிக்கொண்டே இரண்டு முனைக்கும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். சேர்ந்தால் வில். சேராவிட்டால் ஆறு மாதமாகப் பார்த்துப் பார்த்து இழைத்த மூங்கில் வெந்நீர் அடுப்புக்கு. வெந்நீர் அடுப்பு என்று நினைத்ததும் கலக்கிக்கொண்டிருந்த குச்சி நின்றது. சீ, அதை ஏன் இப்போது இழுக்கிறாய், கலக்கு. ஓரமெல்லாம் வழித்துக் கலக்கு, அடியில் தங்கியது அடியிலேயே இருந்துவிடும். மேலே மொட்டை மாடியில் மயில்சாமி எண்ணிக்கொண்டிருந்தார். பதினொண்ணு. கொஞ்ச நேரம் கழித்து, பன்னெண்டு. ரப்பர் ட்யூபின் ஒரு முனையை வலது முஷ்டியில் சுற்றிக்கொண்டு, மறுமுனையை இடது கையால் தாடை வரைக்கும் இழுத்து, நான்கு விநாடி நிறுத்தி, விட்டு, எண்ணை உரக்கச் சொல்வார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், ஐம்பத்து மூன்று வயது, மனதுக்குள் எண்ணத் தெரியாத ஜென்மம். தினமும் இருநூறு. முப்பது வருடம் வலது கையால் இழுத்து வலது கண்ணால் குறி பார்த்த மனிதர், இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த வலது கண் போனபிறகு, எல்லாவற்றையும் இடம் மாற்றிப் பழகிக்கொண்டிருக்கிறார். கீழே அவருடைய பெண்சாதி துளசிமணி பசை கலக்கிக்கொண்டிருப்பது அவருக்கான இடது கை வில்லுக்கு. நாண் அவருடைய இடது கன்னத்தை ஒட்டி நிற்கும். அதற்கு மேலே இருப்பது மிச்சமிருக்கிற ஒரே கண். பதிமூணு என்றார் அவர்.

முதல் பட்டை கண்ணாடிநார், ஃபைபர் கிளாஸ். அச்சின் மேல் விரித்த பாலித்தீன் தாளில் அதைப் போட்டுப் பிரஷ்ஷால் இழுத்தாள். பசை அதிகமானாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து, குறைந்தால் காய்ந்த இடம் விட்டுப் போகும், அதிகமானால் வழுக்கும். வழுக்குவது என்றால் சாதாரண வழுக்கல் இல்லை. சோப்புப் போட்ட தரையில் சோப்புப் போட்ட பலகையை வைத்து அதன் மேல் ஏறி நிற்பது மாதிரி. கிளாம்பை முடுக்க முடுக்க உள்ளே ஐந்து பட்டையும் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்க்கும். எதிர் லேத்துக்கடை ஃபரூக் பாய் ஒரு சிட்டிகை உப்பைத் தூவச் சொல்லியிருந்தார், பெரிய ரகசியம் போலக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார், உப்புக் கல்லு பட்டைக்குள்ள போய்க் கடிச்சுக்கும்மா, நகராது. மேசை கதவு ஒட்டுவதற்குச் சரி பாய், இது வளையற சாமான் என்று சிரித்து அனுப்பிவிட்டு, இன்று காலையில் காப்பி போடப் போனவள் உப்பு ஜாடியைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பயம் வந்தால் உப்பு ஜாடியும் தெய்வம்தான். உப்பு வேண்டாம். உப்புக்குப் பதிலாகப் பக்கக்கட்டை செய்திருக்கிறாள், அச்சின் இரண்டு ஓரத்திலும் பக்கத்துக்கு எட்டு, மெழுகு தடவி, திருகாணி போட்டு. நடுவில் ஒரு மூங்கில் ஆணி, ஐந்து பட்டையிலும் துளை போட்டு ஒரே ஆணியில் கோத்தது. போன தடவை, பழைய வில்லுக்கு, அந்த ஆணி மட்டும்தான் இருந்தது. வார்ப்படத்துக்கு மர மாதிரி, அதுதான் பேட்டர்ன், இரண்டு பாதியாகச் செய்து ஆணியில் பொருத்துகிற கைக்கு, நடுவில் ஆணி அடித்தால் முனை எங்கே போய்விடும் என்கிற தைரியம். முனை போனது. நடு அசையவில்லை, முனை போனது. ஏன் முனையிலும் ஆணி அடிக்கவில்லை என்றால், அடிக்கக் கூடாது, வளையும்போது ஒவ்வொரு பட்டையும் நீளவாக்கில் கொஞ்சம் நகர்ந்துகொடுக்க வேண்டும், முனையைக் கட்டிப்போட்டால் நடுவில் புடைத்துக்கொள்ளும். நீளத்தில் விட வேண்டும், அகலத்தில் விடக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கண் போக வேண்டியிருந்தது. இல்லை, கண்டுபிடித்ததனால் என்ன, அன்றைக்கே தெரியாமலா இருந்தது? இருபத்தி ரெண்டு என்றது மாடி.

மூங்கில் பட்டை ஒன்று. மூங்கில் பட்டை இரண்டு. இரண்டாவதைத் திருப்பிப் பார்த்தாள், மேல்முனை என்று பென்சிலால் எழுதிய அம்பு வலதுபுறம் நோக்கியிருந்ததா, இருந்தது, மூன்றாவதிலும் இருந்தது. அளவு? முப்பத்து நான்கு மில்லிமீட்டர் அகலம், எந்த ஸ்கேலில் அளந்தாய், பட்டறையில் இரண்டு ஸ்கேல் கிடக்கிறது, ஒன்று நல்ல ஸ்கேல், இன்னொன்று வார்ப்படம் ஆறும்போது சுருங்குவதற்குச் சேர்த்துக் கோடு போட்ட பேட்டர்ன் ஸ்கேல், அதில் அளந்திருந்தால்? நேற்று மூன்று முறை பார்த்தாயே, நல்ல ஸ்கேல்தான், பேட்டர்ன் ஸ்கேலை வேண்டுமென்றே சமையலறைப் பரணில் போட்டுவிட்டு வந்தாயே. ஆமாம், பரணில்தான் இருக்கிறது. மூங்கில் கொஞ்சம் அகலமாகக் கிடைத்திருந்தால் இந்தப் பாடு வேண்டாம், நாற்பதுக்கு எடுத்து ஒட்டிவிட்டு, நகர்ந்ததையெல்லாம் பிறகு சீவித் தள்ளலாம். முப்பத்து நான்குக்கு மேல் கிடைக்கவில்லை. அன்றைக்கும் முப்பத்து நான்குதான். அன்றைக்கும் இதே மேசை, இதே அச்சு, மயில்சாமி மேல்முனையைப் பிடித்துக்கொண்டு எதிரில் நின்றார், இரண்டு கண்ணோடு. ஏழாவது கிளாம்பை முடுக்கிவிட்டுக் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைத் தடவியபோது நகம் தட்டியது. படி. இரண்டு மில்லிமீட்டருக்கு ஒரு படி, நடுப்பட்டை வெளியே ஏறி நின்றது, எதிர்ப்பக்கம் அதே அளவுக்குப் பள்ளம். கிண்ணத்தில் பசை இறுகி நூல் கட்ட ஆரம்பித்திருந்தது. அவர் கேட்டார், சரியா இருக்குதா துளசி? இருக்குதுங் என்றாள். யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. யாராவது சாப்பிட்டாச்சா என்று கேட்டால் ஆச்சு என்போமே, அப்படி வாயிலிருந்து வந்தது. அந்த ஒரு சொல்லை இரண்டு வருடமாகத் திரும்ப வாய்க்குள் போடப் பார்க்கிறாள், போக மாட்டேன் என்கிறது.

மறுநாள் கிளாம்பைக் கழற்றியதும் அவள் செய்தது, பேட்டர்ன் செய்கிற எவரும் செய்வதுதான். வெளியே ஏறியதைச் சீவினாள். பள்ளத்தில் மரத்தூளையும் ரெசினையும் குழைத்துப் புட்டி வைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மெருகேற்றினாள். இருபத்திரண்டு வருடமாக ஃபவுண்டரிகளுக்குப் பம்பு உடம்புக்கும் மோட்டார் மூடிக்கும் மரத்தில் பேட்டர்ன் செய்து கொடுக்கிற கை அது. பேட்டர்னில் உள்ளே ஓட்டை இருந்தால் என்ன, ஒட்டு இருந்தால் என்ன, அச்சு எடுக்கிற மணல் மேல்தோலைத்தான் பார்க்கும். தோல் வழவழவென்று இருந்தால் வார்ப்படம் வழவழவென்று வரும். புட்டி போடாத பேட்டர்ன்காரி ஊரிலேயே கிடையாது, அதில் வெட்கமும் கிடையாது. வில்லுக்கு மேல்தோல் ஒரு பொருட்டே இல்லை, பாரமெல்லாம் உள்ளேதான் என்பது அவள் மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. அல்லது கைக்கும் தெரிந்துதான் இருந்தது, நாளைக்கே எடுத்துப்போய்ப் பசங்களுக்குக் காட்டோணும் என்று அவர் குழந்தை மாதிரி நின்றதால் கை சும்மா இருந்துவிட்டது. வில்லை வாங்கி ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்து, கோடே தெரியலையே துளசி, உன்ற கைக்குத் தங்கத்துல காப்புப் போடோணும் என்றார். அந்த வாக்கியம்தான். கண் போனதைக்கூடச் சில நாள் மறந்து தூங்கியிருக்கிறாள், கோடே தெரியலையே என்பதை ஒரு நாளும் மறக்கவில்லை. மூன்று மாதம் நன்றாகத்தான் எய்தார். பள்ளிக்கூட விளையாட்டு விழாவில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, தாடை வரை இழுத்து நிறுத்திய விநாடியில் மேல்பாதி வாய் பிளந்தது. கண்ணாடிநார்ச் சிம்பு, வலது கண்ணில். ஆஸ்பத்திரியில் அவர் இருந்த நாலாவது நாள் அவள் வீட்டுக்கு வந்து உடைந்த துண்டை எடுத்துப் பார்த்தாள். புட்டி வைத்த இடத்திலிருந்துதான் பிளந்திருந்தது. வேறு காரணமும் இருக்கலாம், மூங்கில் உள்ளே பூச்சி அரித்திருக்கலாம், இருக்கலாம், ஆனால் பிளவு புட்டியில்தான் தொடங்கியிருந்தது. துண்டை வெந்நீர் அடுப்பில் வைத்தாள். ரெசின் எரிகிற நாற்றம் இரண்டு நாள் குளியலறையில் நின்றது. அந்தத் துண்டு எங்க, பாக்கோணும் என்று வீடு திரும்பியதும் கேட்டவரிடம், குப்பைல போய்ட்டதுங் என்றாள். அவர் பாவம், தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். அன்னைக்கு நாணேத்துன வில்ல வெயில்ல ஸ்கூட்டர் மேல வெச்சுப்போட்டேன், சூட்டுல ஒட்டு இளகீருச்சு, தப்பு என்னுது. வந்தவர் போனவர், டாக்டர், சம்பந்தி வீடு, எல்லோரிடமும் அதையே சொன்னார். இன்றைக்கும் புதிதாகச் சேருகிற பசங்களுக்கு முதல் வகுப்பே அதுதான், என்னப் பாருங்கடா, வெயில்ல வில்ல வெச்சவன் மூஞ்சி இப்படித்தான் இருக்கும். பசங்கள் சிரிப்பார்களாம், அவரும் சேர்ந்து சிரிப்பாராம். சொல்லிவிட்டு அவளிடமும் சிரிப்பார். அவள் சோறு போட்டுக்கொண்டிருப்பாள். எழுபத்தி ஒண்ணு.

ஐந்தும் அடுக்கியாகிவிட்டது. மூங்கில் ஆணியை இறக்கினாள், நடுக் கிளாம்பை வைத்து அரை முடுக்கு, அதிகம் வேண்டாம், பசை முழுவதும் பிதுங்கி வந்துவிட்டால் உள்ளே ஒன்றும் தங்காது. இடது ஒன்று, வலது ஒன்று. இடது இரண்டு, வலது இரண்டு. பிதுங்கிய பசை ஓரத்தில் முத்து முத்தாக நின்றது, முத்து எல்லாம் ஒரே அளவாக இருந்தால் உள்ளே சமமாகப் பரவியிருக்கிறது என்று அர்த்தம், ஒரே அளவாகத்தான் இருந்தது. ஆறு மாதம் முன்னால் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, துளசி, எனக்கு எடது கை வில்லு ஒண்ணு பண்ணித் தா என்றார் மயில்சாமி, உப்பு வேணும் என்பது போல. கடையில நல்லதா வாங்கிக்கலாமுங், பெரிய கம்பெனி வில்லே வாங்கிக்கலாம், நான் வேணா விசாரிக்கறேன் என்றாள். உன்றது இருக்கறப்ப எனக்கு எதுக்குக் கடை வில்லு என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எல்லாவற்றையும் பேச வேண்டியிருக்கும். அதனால் பேசவில்லை, வேலையை ஆரம்பித்தாள். ஒரு முடிவோடுதான் ஆரம்பித்தாள். இந்த வில்லை, உலகத்தில் எவன் வந்து பிளந்து பார்த்தாலும் உள்ளே புட்டி என்று ஒரு துளி இல்லாமல் செய்வேன். தனியாகச் செய்வேன். அவரை முனையைப் பிடிக்கக் கூப்பிட மாட்டேன், அவர் எதிரில் நின்றால் அந்தக் கேள்வியைக் கேட்பார். அதனால்தான் பக்கக்கட்டை பதினாறு, அதனால்தான் வெறும் தண்ணீரைத் தடவி நான்கு தடவை ஒத்திகை, கடிகாரம் வைத்து. ஒத்திகையில் ஒரு பக்கக்கட்டைகூட அசையவில்லை. இடது ஐந்து, வலது ஐந்து. நகத்தால் தடவினாள். வழவழ. இடது ஆறு. வலது ஆறு. நூத்தி பத்தொம்பது. நேரம் பதினொன்று நான்கு. நன்றாகப் போகிறது என்று நினைக்காதே, நினைத்தால் கண் பட்டுவிடும், சொந்தக் கண்தான் பெரிய கண். இடது ஏழு, வழவழ. வலது ஏழு, மேல்பாதியில், வைத்தாள், முடுக்கினாள், நகத்தை ஓட்டினாள்.

நகம் தட்டியது.

தட்டியிருக்காது. பசைத் துளியாக இருக்கும். துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். தட்டியது. குனிந்து பார்த்தாள், நடுப்பட்டை வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, ஒன்றரை இருக்கும், இல்லை இரண்டு. பக்கக்கட்டையை விரலால் தொட்டாள், ஆடியது. திருகாணி பிடிக்கவில்லை. நான்கு ஒத்திகையிலும் கழற்றிக் கழற்றி மாட்டியதில் அந்த ஒரு துளை மட்டும் இற்றுப்போயிருக்கிறது. ஒத்திகை பார்த்தே கெடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. அதே பாதி, அதே ஏழு. சாமி, ஏன் அதே ஏழு. வளைவு அதிகமான இடம் அதுதான், வழுக்கினால் அங்கேதான் வழுக்கும், சாமிக்கு இதில் வேலை ஒன்றுமில்லை. யோசி. கிளாம்பைத் தளர்த்தலாம், பட்டையை உள்ளே தள்ளலாம், பக்கக்கட்டையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு திரும்ப முடுக்கலாம். தள்ளிப் பிடிப்பது யார்? இரண்டு கையும் முடுக்கில் இருக்கும். குறுக்கே இன்னொரு கிளாம்பு போட்டால் பிடிக்கும், இன்னொரு கிளாம்பு இல்லை, இருந்த ஒன்றை வியாழக்கிழமை ஃபரூக் பாய் வாங்கிப்போனார், கடை இன்றைக்குப் பூட்டு. மேசையில் இருக்கிற மிச்சம் நான்கும் முனைகளுக்கு வேண்டும். பதினொன்று ஆறு. ஒன்றரைதானே. ஒன்றரை மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடும், ஓரத்தைச் சீவி, இரண்டு பக்கமும் ஒரு மில்லி குறைத்துவிட்டால், கொஞ்சம் போல மரத்தூளைக் குழைத்து... அந்த எண்ணம் எவ்வளவு நல்ல பிள்ளையாக வந்து உட்கார்ந்தது என்று பார்த்தாள். பக்கத்தில் உப்புத்தாள், அதற்குப் பக்கத்தில் மரத்தூள் டப்பா. தூக்கி எறியாமல் ஏன் வைத்திருந்தேன்? டப்பாவை எடுத்து வாசல் வழியாகத் தெருவில் வீசினாள். அது லேத்துக்கடை ஷட்டரில் மோதிக் கலகலவென்று உருண்டது. தூங்கிக்கொண்டிருந்த நாய் எழுந்து அவளைப் பார்த்துக் குரைத்தது. குரை, உனக்காவது தைரியம் இருக்கிறது. நூத்தி முப்பத்தி ஒண்ணு என்றது மாடி.

"ஏனுங்!" என்று கத்தினாள். "சித்த கீழ வாங்க. ஓடி வாங்க!"

எண்ணுவது நின்றது. மாடிப்படியில் செருப்புச் சத்தம், ஒவ்வொரு படியாக, ஒற்றைக் கண்ணில் படியின் ஆழம் சரியாகத் தெரியாததால் இரண்டு வருடமாக அப்படித்தான் இறங்குகிறார். அதற்குள் அவள் ஆறையும் ஏழையும் தளர்த்திவிட்டாள். ரப்பர் ட்யூபை வலது மணிக்கட்டில் வளையல் மாதிரி சுற்றிக்கொண்டு, வியர்வையோடு, மயில்சாமி வாசலில் வந்து நின்றார்.

"என்ன புள்ள, டப்பா பறக்குது?"

"இந்தக் கட்டையப் பிடிங்க. ரெண்டு கட்டவெரலும் வெச்சு உள்ளாற தள்ளுங்க. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

அவர் எதிரில் வந்து நின்றார். அதே இடம். கட்டைவிரல் இரண்டும் பக்கக்கட்டையின் மேல் ஊன்றின. முப்பது வருடம் நாண் இழுத்த விரல்கள், தள்ளிய தள்ளில் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. அவள் ஆறை முடுக்கினாள், ஏழை முடுக்கினாள். அவர் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இடது கண்ணால் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சரியா இருக்குதா துளசி?"

நகத்தை ஓட்டினாள். முக்கால் மில்லி இன்னும் தட்டியது. வாய் தானாகத் திறந்தது, பழகிய வாய், அதற்கு ஒரு பதில்தான் தெரியும். அவள் பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். அந்த ஒரு விநாடி இரண்டு வருடத்தைவிட நீளமாக இருந்தது.

"இல்லீங்," என்றாள். "சரியா இல்லீங். இன்னும் தள்ளுங்க."

தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. ஏழாவதைக் கால் சுற்றுத் தளர்த்தி, பட்டை உள்ளே போனதும் திரும்ப முடுக்கினாள். நகம் ஓடியது, மறுபடி ஓடியது, எதுவும் தட்டவில்லை. எட்டு. ஒன்பது. இடது பக்கம் எட்டு, ஒன்பது. பதினொன்று பதிமூன்று. பத்தொன்பது கிளாம்பும் ஏறி நின்றன. கிண்ணத்தில் குச்சியைத் தூக்கினால் பசை நூலாக நீண்டது.

"எடுக்கலாமா?"

"எடுத்தா மறுக்கா வெளிய வந்துரும். பசை பிடிக்கோணும். இருவது நிமிசம் அப்படியே நிக்கோணுமுங்."

"நிக்கறேன், அதுக்கென்ன," என்றார் மயில்சாமி. நிற்பதில் அவருக்குச் சந்தோஷம்தான். இந்தத் தடவை கூப்பிடவே இல்லையே என்று காலையிலிருந்து மனசுக்குள் ஒரு குறை இருந்திருக்கும், முகத்தில் அது போய்விட்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன். பட்டை சரியாகிவிட்டது, வில் நன்றாக வரும், பிறகு எதற்கு, நல்ல வில் வந்தபிறகு பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது என்று நாளைக்கே ஒரு நியாயம் வந்து உட்காரும், மரத்தூள் டப்பா மாதிரி. அதையும் புட்டி வைத்து மூடுவேன். அவர் கை இரண்டும் கட்டுப்பட்டிருக்கிறது, எடுத்தால் வில் போய்விடும். இப்படி ஒரு சமயத்தில் சொல்வது நியாயமா? நியாயமில்லை. வேண்டாம் என்றால் விரலை எடுத்துவிட்டுப் போகட்டும், வில் போகட்டும், அந்த உரிமையாவது அவருக்கு இருக்கட்டும். ரெசின் பட்ட கையைத் துணியில் துடைத்தாள், துடைக்கத் துடைக்கத் துணியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டது.

"அன்னைக்கும் இதே எடத்துலதானுங் ஏறுச்சு," என்றாள்.

"எது?"

"அந்தப் பழைய வில்லு. ரெண்டு மில்லி. நீங்க இங்கதான் பிடிச்சுட்டு நின்னீங்க. சரியா இருக்குதான்னு கேட்டீங்க. நான் பாத்தேன், பாத்துட்டு இருக்குதுன்னு சொன்னேன். அடுத்த நாள் புட்டி வெச்சுத் தேச்சு மூடிப்போட்டேன். கோடு தெரியாதது அதனாலதான்."

தெருவில் நாய் இன்னும் குரைத்துக்கொண்டிருந்தது.

"பொளந்தது அங்கதானுங். ஆஸ்பத்திரில இருந்து வந்து பாத்தேன். துண்டு குப்பைல போகலை, நான்தான் அடுப்புல வெச்சேன். வெயிலு இல்லீங். நீங்க இல்லீங்."

அவருடைய கட்டைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. நகங்கள் வெளுத்திருந்தன. ஒரு விரல் லேசாக எழும்பியது. எழும்பட்டும், எழும்பினால் சரிதான் என்று நினைத்தாள். அது இடம் மாறி, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி ஊன்றியது.

"ரெண்டு வருசம்," என்றார் மயில்சாமி. குரல் அவருடையது மாதிரியே இல்லை. "ரெண்டு வருசமா, பள்ளிக்கூடம் பூராவும், நான் வெயில்ல வெச்ச கேனையன்னு சொல்லிச் சிரிச்சுட்டு இருக்கறேன். நீ பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்த."

"ஆமாங்."

"ஒரு நாளாச்சும் சொல்லத் தோணலையா?"

"தெனமும் தோணுச்சுங். தெனமும் சொல்லலை."

அதற்கப்புறம் இருபது நிமிடமும் அவர் விரலை எடுக்கவில்லை. அவளுக்கு அழலாம் என்று இருந்தது, அழுதால் அவர் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும், அதைவிட அசிங்கம் வேறில்லை, அதனால் அழவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள், ஓரத்து முத்துகளைப் பார்த்தாள், கிண்ணத்தில் குச்சியை அசைத்துப் பார்த்தாள். அவருடைய வலது கண்ணில், பார்வை இல்லாத அந்தக் கண்ணில், தண்ணீர் வழிந்து மீசைக்கு வந்தது. அது அடிக்கடி தானாக வழிகிற கண்தான். துடைக்கக் கை இல்லாமல் அவர் நின்றார். துடைத்துவிட இவளுக்குக் கை இருந்தது, துடைக்கலாமா என்று தெரியவில்லை. கிண்ணத்தில் குச்சி அசையாமல் நின்றபோது மணி பதினொன்று முப்பத்தைந்து.

"எடுக்கலாமுங்."

எடுத்தார். விரல்கள் மடங்கவில்லை, ஒவ்வொன்றாகப் பிடித்து நீவி மடக்கிக்கொண்டார். பிறகு குனிந்து, தன் நகத்தால், மேல்பாதி முழுவதையும் ஒரு முனையிலிருந்து நடு வரைக்கும் தடவினார். இரண்டு பக்கமும். அவர் இதற்கு முன்னால் அவள் வேலையைத் தடவிப் பார்த்து ரசித்திருக்கிறார், சோதித்ததில்லை. இன்றைக்குச் சோதித்தார்.

"இத மொதல்ல யாரு இழுக்கறது?"

இந்தக் கேள்விக்கு மட்டும் ஆறு மாதமாகவே பதில் தயாராக இருந்தது. "நானுங். ஐநூறு தடவ நான் இழுத்து, ஒரு கீறல் இல்லைன்னு பாத்துட்டுத்தான் உங்க கைல குடுப்பேன்."

"இழுவை நாப்பது பவுண்டு. உன்னால பாதிகூட இழுக்க முடியாது."

"பழகிக்கறேன்."

அவர் அவளைப் பார்த்தார். கோபமா, வேறு எதுவுமா என்று அவளால் படிக்க முடியவில்லை, ஒற்றைக் கண்ணில் பாதிதான் படிக்கக் கிடைக்கிறது. மணிக்கட்டிலிருந்த ரப்பர் ட்யூபைக் கழற்றி, ஏழாவது கிளாம்பின் கைப்பிடியில் மாட்டினார்.

"தெனமும் இருநூறு," என்றார். "தாடை வரைக்கும் வரோணும். நாலு விநாடி நிறுத்தோணும். பாதில விட்டா கணக்கு இல்லை."

படியேறிப் போய்விட்டார். மாடியில் செருப்புச் சத்தம் ஒரு மூலைக்குப் போய் நின்றது, அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. மன்னித்தாரா? அது அவர் பாடு, அவருக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும், கேட்டுக்கொண்டு போய் நிற்கக் கூடாது. மதியத்துக்குச் சாப்பிட வருவாரா? வராவிட்டால் தட்டை மூடி வைக்க வேண்டும். துளசிமணி கையைச் சுரண்டிக் கழுவினாள், பாதிதான் போனது. ட்யூபை எடுத்தாள். அவருடைய வியர்வையில் இன்னும் ஈரமாக இருந்தது. ஒரு முனையை முஷ்டியில் சுற்றி, கையை நீட்டி, மறுமுனையை இழுத்தாள். பாதியில் தோள் நடுங்கியது. விட்டுவிட்டாள், கணக்கு இல்லை. மறுபடி இழுத்தாள். மார்பு வரைக்கும் வந்தது, முகம் சுளித்தது, கணக்கு இல்லை. காலை அகட்டி நின்று, மூச்சை இழுத்து, மூன்றாவது தடவை இழுத்தாள், ரப்பர் கன்னத்தில் உரசித் தாடை எலும்பில் வந்து முட்டியது. கண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விநாடியை எண்ணி, மெதுவாக விட்டாள்.

"ஒண்ணு," என்றாள், மாடிக்குக் கேட்கும்படி.